அது அவர் எனக்கு எழுதியது

ஒரு வாசகி எனக்கு மட்டும் எழுதிய கடிதத்தை, அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல், கேமராவின் முன்னால் உட்கார்ந்து படித்தேன். அதற்குப் பின்னணி இசை சேர்த்து இன்ஸ்டாகிராமில் ரீல்ஸாகப் போட்டேன். பெயரைச் சொல்லவில்லை. ஊரையும் சொல்லவில்லை. ஆனாலும் அது யாருடைய கடிதம் என்று அவர் வீட்டில் தெரிந்துவிட்டது. வீட்டில் யாரிடமும் சொல்லாத ஒன்றைத்தான் அவர் எனக்கு எழுதியிருந்தார்.

அதில் என்ன இருந்தது என்பதை இங்கே எழுத மாட்டேன். அது தெரியாமல் இந்த வாக்குமூலம் முழுமையாகாது என்று சிலருக்குத் தோன்றலாம். தோன்றட்டும். ஒருமுறை திறந்துபோட்டது போதும். என் கதை ஒன்றைப் படித்துவிட்டு, தன் வாழ்க்கையில் நடந்த ஒரு சாவைப் பற்றி எழுதியிருந்தார் என்பது மட்டும் தெரிந்தால் போதுமானது.

நான் சிறுகதை எழுதுகிறவன். என் முதல் கதைகள் வந்த காலத்தில் வாசகர் என்றால் இன்லேண்ட் லெட்டர்தான். பத்திரிகை அலுவலகத்துக்குப் போய், அங்கிருந்து திருப்பி அனுப்பப்பட்டு, மடிப்பில் கிழிந்து வந்து சேரும். ஒட்டும் பட்டையில்கூட எழுதியிருப்பார்கள். அந்தக் கடிதங்களுக்கெல்லாம் பதில் எழுதினேன். அது பெரிய குணம் ஒன்றும் இல்லை. தமிழில் எழுத வந்தவர்கள் அப்படித்தான் இருந்தார்கள். ரசிகமணி டி.கே.சி.யின் கடிதங்கள் தனியே படிக்கப்படுகின்றன. கி. ராஜநாராயணன் பத்திரிகையில் எழுதிய தொடருக்கே ‘கரிசல் காட்டுக் கடுதாசி’ என்றுதான் பெயர். வண்ணதாசன் எழுதிய கடிதங்கள் ‘எல்லோருக்கும் அன்புடன்’ என்று புத்தகமாக வந்திருக்கின்றன. வாசகருக்குப் பதில் எழுதுவது எழுத்தின் ஒரு பகுதி என்று இவர்களைப் பார்த்துத்தான் நாங்கள் கற்றுக்கொண்டோம்.

பிறகு முகநூல் வந்தது. இன்லேண்ட் லெட்டர் நின்றது. ஆனால் எனக்கும் வாசகருக்கும் இடையில் இருந்தது மாறவில்லை, இன்னும் நெருங்கியது. என்.எச்.எம். ரைட்டரில் தட்டச்சு செய்து இரவில் ஒரு பத்தி போட்டால், காலையில் கீழே ஐந்தாறு பேர் நீளமாக எழுதியிருப்பார்கள். கைபேசியில் செல்லினத்தை வைத்துக்கொண்டு பேருந்தில் நின்றபடி தட்டியவர்கள் இருந்தார்கள். 2011-இன் இறுதியில் முகநூல் ஒரு பதிவுக்கான அளவை 63,206 எழுத்துக்குறிகள் வரை உயர்த்தியது. ஒரு முழுச் சிறுகதையை அப்படியே போடலாம், போட்டோம். ட்விட்டர் அப்படியில்லை. 140-க்குள் எழுத வேண்டியிருந்தது, அதிலும் தமிழுக்கு இடம் குறைவு. ‘தமிழ்’ என்று எழுதினால் நமக்கு மூன்று எழுத்து, அதன் கணக்கில் ஐந்து. கொம்பும் புள்ளியும் தனித்தனியாக எண்ணப்படும். 2017-இல் அந்த அளவு 280 ஆனது. அதற்கு முன்பே அந்தக் குறுகிய இடத்தில் செறிவாக எழுதப் பழகியவர்கள் தமிழில் நிறைய இருந்தார்கள்.

ஒரு கதையில் தீப்பெட்டி ஆபீஸில் வேலை செய்யும் பெண் ஒருத்தியை எழுதியிருந்தேன். கோவில்பட்டிப் பக்கம் சிறு வயதில் அந்த வேலையைச் செய்த ஒரு பெண்மணி முகநூலில் எனக்கு எழுதினார். கட்டை அடுக்குகிறபோது கண் எங்கே இருக்கும், விரல் எங்கே இருக்கும், பேச்சு எப்படி ஓடும் என்று விவரித்துவிட்டு, “நீங்க எழுதின மாதிரி கையையே பாத்துக்கிட்டு இருந்தா அன்னைக்கு கூலி கிடைக்காது சார்” என்று முடித்திருந்தார். நான்கு நாள் அவரோடு எழுதிப் பேசினேன். கதை தொகுப்பில் வந்தபோது அந்தப் பத்தி முழுக்க மாறியிருந்தது. அவர் முகம் எனக்குத் தெரியாது, அவருடைய படத்தில் ஒரு செம்பருத்திப் பூ இருந்தது. என்னுடைய முகமும் அவருக்கு ஒரு பொருட்டாக இருந்திருக்காது. எங்களுக்கு நடுவில் இருந்தது அந்தப் பத்தி ஒன்றுதான்.

எழுத்து வழியாக வரும் வாசகரிடம் ஒரு விசேஷம் உண்டு. அவர் தன் வேகத்தில் படிக்கிறார், தன் மனதுக்குள் இருக்கும் குரலில் படிக்கிறார். எழுதியவனுடைய தொண்டை அங்கே தேவையில்லை. ரங்கராஜன் தன் மனைவியின் பெயரில் எழுதினார். சுஜாதா என்ற பெயரைப் பார்த்துப் பெண் என்று நினைத்துப் படித்தவர்களுக்கும் அந்தக் கதை குறைந்துபோகவில்லை. பதில் சொல்ல வேண்டும் என்று வாசகருக்குத் தோன்றினால் அவரும் எழுதத்தான் வேண்டும். எழுத உட்கார்ந்தால் தான் நினைத்தது என்ன என்று யோசித்தாக வேண்டும். அதனால்தான் அந்தக் காலத்துப் பதில்களில் அவ்வளவு வாழ்க்கை இருந்தது.

எழுத்து வழி உறவு மென்மையாகவே இருக்கும் என்று சொல்ல வரவில்லை. 2015 ஜனவரியில் பெருமாள்முருகன் தனக்குள் இருந்த எழுத்தாளன் இறந்துவிட்டதாக அறிவித்தது முகநூலில்தான். ‘மாதொருபாகன்’ 2010-இல் வந்த நாவல். அதை முழுதாகப் படிக்காதவர்களின் கோபம் அவரை அந்த இடத்துக்குத் தள்ளியது. 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பு வந்த பிறகுதான் அவர் எழுத்துலகுக்குத் திரும்பினார். சொல்லுக்கும் கொடுமை செய்யத் தெரியும். ஆனால் அந்த நாட்களில் அவருக்காகப் பக்கம் பக்கமாக எழுதியவர்களும் அதே இடத்தில்தான் இருந்தார்கள். மனுஷ்ய புத்திரன் தொடர்ந்து கவிதை எழுதியதும் அங்கேதான், அவை பிறகு தொகுப்புகளாக வந்தன. ஜெயமோகன் 2014-இன் முதல் நாளில் தொடங்கி 2020 ஜூலை வரை இணையத்தில் நாள்தோறும் ‘வெண்முரசு’ எழுதினார், 26 நாவல்கள். அத்தியாயத்துக்கு அத்தியாயம் வாசகர்கள் எழுதிக்கொண்டே வந்தார்கள். இத்தனை நீளத்தைத் தமிழர்கள் திரையில் படித்தார்கள் என்பதை, இப்போது யாருக்கும் படிக்கப் பொறுமையில்லை என்று சொல்கிறவர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். அவர்களில் நானும் ஒருவனாக இருந்தேன். பொறுமை போனது எனக்கு.

2020-இல் ஊரடங்கு. புத்தகக் கடைகள் மூடிக் கிடந்தன. ஜூன் 29 அன்று டிக்டாக் உள்ளிட்ட 59 செயலிகளை மத்திய அரசு தடை செய்தது. ஜூலையிலேயே இன்ஸ்டாகிராம் ரீல்ஸை இந்தியாவில் கொண்டுவந்தது. செப்டம்பரில் யூடியூப் ஷார்ட்ஸ் வந்தது. பதிப்பாளர் ஒருவர் தொலைபேசியில் சொன்னார்: “நீங்க நல்லாப் படிப்பீங்க, ஒரு நிமிஷம் படிச்சுப் போடுங்க சார், புக்கு நகரும்.” அவர் சொன்னதில் தப்பில்லை. போட்டேன். புத்தகம் நகர்ந்தது.

இதைச் சொல்லும்போது ஒன்றைத் தெளிவாகச் சொல்லியாக வேண்டும். படத்தையும் குரலையும் நான் தாழ்வாக நினைக்கவில்லை. திருவண்ணாமலையில் பவா செல்லத்துரை உட்கார்ந்து கதை சொல்ல, யூடியூபில் அதைக் கேட்டுவிட்டு மூலக் கதையைத் தேடிப் போனவர்களை எனக்குத் தெரியும். ஸ்ருதி டிவி பதிவு செய்திருக்காவிட்டால் கடந்த பல ஆண்டுகளின் இலக்கியக் கூட்டங்கள் அந்தந்த அறைகளோடு முடிந்திருக்கும். எஸ். ராமகிருஷ்ணனின் உரைகளைக் கேட்டு உலக இலக்கியத்துக்குள் நுழைந்த இளைஞர்கள் உண்டு. தையல் இயந்திரத்தின் முன் உட்கார்ந்தபடி, காதில் இயர்போன் மாட்டிக்கொண்டு கதை கேட்கும் பெண்களுக்கு நாம் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டுதான் படிக்க வேண்டும் என்று கட்டளையிட முடியாது. வெளியிலும் அப்படித்தான். ரூப்பி கவுர் தன் கவிதைகளை இன்ஸ்டாகிராமில் போட்டு, 2014-இல் தானே புத்தகமாகவும் வெளியிட்டார். பின்னர் அது உலகெங்கும் போனது. கொலீன் ஹூவரின் 2016 நாவல் ஒன்று, ஐந்து ஆண்டுகள் கழித்து டிக்டாக்கில் வாசகர்கள் அழுதபடி காட்டிய பிறகு பெரும் விற்பனைக்கு வந்தது. அந்தக் கண்ணீர் பொய் என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. படித்த ஒருவரின் முகம் இன்னொருவரைப் படிக்க வைக்கிறது, அது நடக்கத்தான் செய்கிறது.

ஆகவே இன்ஸ்டாகிராம் என்னைக் கெடுத்தது என்று எழுதிவிட்டால் இந்தக் கட்டுரை சுலபமாக முடிந்துவிடும். அல்காரிதத்தைத் திட்டினால் படிக்கிறவர்களும் தலையாட்டுவார்கள். அப்படி எழுத எனக்கு மனசாட்சி இடம் கொடுக்கவில்லை. அதே செயலியை வைத்துக்கொண்டு நேர்மையாக இருக்கிறவர்கள் எத்தனையோ பேர். அது எனக்கு ஒரு வாசலைக் காட்டியது, நடந்து போனது நான்தான்.

எப்படிப் போனேன் என்று சொல்கிறேன்.

ரீல்ஸுக்குத் தொடக்கத்தில் பதினைந்து விநாடிதான். பிறகு முப்பது, அறுபது, தொண்ணூறு என்று கூடி, 2025 தொடக்கத்தில் மூன்று நிமிடமாக ஆனது. நேரம் கூடினாலும் முதல் சில விநாடிக்குள் பார்ப்பவரை நிறுத்த வேண்டும் என்ற விதி மாறவில்லை. இதற்குத் தொழில்காரர்கள் ஹூக் என்பார்கள். நான் அதைக் கற்றுக்கொண்டேன். கற்றுக்கொண்ட பிறகு கதை எழுத உட்கார்ந்தாலும் முதல் வரி ஹூக்காகவே வந்தது. மெதுவாகத் தொடங்கும் கதைகள் என்னிடமிருந்து நின்றுபோயின. படித்தால் நன்றாக ஒலிக்கும் வாக்கியங்களை எழுதினேன். கேமராவில் ஒரு இடைவெளி விட்டு, கண்ணைத் தாழ்த்தி, மீண்டும் நிமிர்ந்து சொல்லத் தோதான வாக்கியங்கள் அவை. அந்த ஆண்டுகளில் வந்த என் தொகுப்பைப் பழைய நண்பர் ஒருவர் படித்துவிட்டு, “எல்லாக் கதையிலயும் நீயே நின்னு பேசிக்கிட்டு இருக்க” என்றார். அவரோடு சில மாதம் பேசாமல் இருந்தேன். அவர் சொன்னது சரி.

வாசகரும் என் கண்ணில் மாறிப்போனார். ரீல்ஸின் கீழே வருவது பெரும்பாலும் இதயக் குறிகளும் நெருப்புக் குறிகளும் கூப்பிய கைகளும்தான். அவற்றை அனுப்பியவர்களைக் குறை சொல்லவில்லை. ஒரு நிமிடம் பார்த்தவரால் அந்த அளவுக்குத்தான் சொல்ல முடியும், அந்த இடமும் அதற்காகத்தான் வடிவமைக்கப்பட்டிருக்கிறது. படத்தின் கீழே 2,200 எழுத்துக்குறிகள் வரை எழுதலாம் என்றாலும் இரண்டு வரிக்குமேல் மடித்து வைத்துவிடும். திறந்து படிப்பவர் குறைவு. இணைப்புக் கொடுத்தால் அழுத்த முடியாது. ஆனால் எனக்கு அது பிடித்திருந்தது. அதைத்தான் ஒப்புக்கொள்ள வேண்டும். இதயக் குறிக்குப் பதில் எழுத வேண்டியதில்லை. எண்ணிக்கையைப் பார்த்தால் போதும். தீப்பெட்டி ஆபீஸ் பெண்மணி போல நான்கு நாள் என்னை உட்கார வைத்துப் பாடம் சொல்ல இங்கே யாரும் இல்லை என்பது ஒரு விடுதலையாக இருந்தது. திருத்தப்படாமல் நேசிக்கப்படும் சுகம் அது. அதற்கு நான் மிக விரைவாகப் பழகினேன்.

சென்னை நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில் புத்தகக் காட்சி நடக்கும்போது முன்பெல்லாம் வாசகர்கள் வந்து ஒரு கதையின் பெயரைச் சொல்வார்கள், ஒரு பாத்திரத்தின் பெயரைச் சொல்வார்கள். சிலர் எதுவும் சொல்லத் தெரியாமல் சற்று நேரம் பக்கத்தில் நின்றுவிட்டுப் போவார்கள். பின்னர், “உங்க ரீல்ஸ் எல்லாம் பாப்பேன் சார்” என்றபடி கைபேசியை உயர்த்தினார்கள். நானும் சிரித்து நின்றேன். எந்தக் கதை படித்தீர்கள் என்று நான் கேட்டதில்லை. கேட்டால் வரும் பதிலுக்குப் பயந்தேன்.

அதே காலத்தில் நீண்ட கடிதம் எழுதுகிறவர்களும் இருந்துகொண்டே இருந்தார்கள். முகநூல் இன்பாக்ஸிலும் இன்ஸ்டாகிராமின் மெசேஜ் ரிக்வெஸ்டிலும் மின்னஞ்சலிலும் எழுதினார்கள். அவற்றைத் திறக்கவே சலிப்பாக இருந்தது. ஒருவர் இரண்டு பக்கம் எழுதியிருப்பார். நான் விரலால் இரண்டு தட்டுத் தட்டி ஒரு சிவப்பு இதயத்தை அதன் மேல் ஒட்டிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவேன். படித்துவிட்டார் என்று அவர் நினைத்துக்கொள்வார். பல கடிதங்களை நான் படிக்கவில்லை. இதயம் மட்டும் போட்டிருக்கிறேன். அந்த மனிதர்களுக்கு நான் சொன்ன பொய் அது.

படித்த சில கடிதங்களை வேறு கண்ணோடு படித்தேன். இதில் எது பேசினால் எடுபடும் என்ற கண். இந்தப் பழக்கம் ரீல்ஸில் தொடங்கியதும் இல்லை. முகநூலில் இருந்த நாட்களிலேயே, என்னைப் புகழ்ந்து வந்த உள்பெட்டிச் செய்திகளை ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் போட்டிருக்கிறேன், பெயரை மறைத்து. அப்போதும் யாரையும் கேட்கவில்லை. அது பாராட்டு என்பதால் யாரும் கோபிக்கவில்லை, நானும் தப்பென்று உணரவில்லை. எழுத்துக் காலத்தில் சின்னதாகச் செய்ததைத்தான் படக் காலத்தில் பெரிதாகச் செய்தேன்.

அந்த வாசகியின் கடிதம் ஒரு மழைக்கால இரவில் வந்தது. நீளமான கடிதம். முற்றுப்புள்ளி குறைவு, எழுத்துப்பிழைகள் இருந்தன, சொல்ல வந்ததை விட்டு வேறெங்கோ போய்த் திரும்பி வந்தது. என் மகன் டியூஷன் விட்டு வருகிற நேரம், மீதியை அப்புறம் எழுதுகிறேன் என்று நடுவில் நிறுத்திவிட்டு, பிறகு தொடர்ந்திருந்தார். கடைசியில் என்னிடம் ஒரு கேள்வி கேட்டிருந்தார். என் கதையில் வரும் பெண் இறுதிவரை ஒரு உண்மையைச் சொல்லாமல் இருந்துவிடுகிறாள். ஏன் அவளைப் பேச விடவில்லை, பேசியிருந்தால் தாங்கியிருக்க மாட்டார்களா என்பது அவருடைய கேள்வி.

அதைப் படித்து நான் அழுதேன். உண்மையாகவே அழுதேன். அழுதுகொண்டே, இதைப் படித்தால் பார்ப்பவர்களும் அழுவார்கள் என்று நினைத்தேன். இரண்டும் ஒரே நேரத்தில் நடந்தன. எதை மன்னித்தாலும் அந்த நிமிடத்தை என்னால் மன்னிக்க முடியவில்லை.

மறுநாள் ரிங் லைட்டைப் போட்டு உட்கார்ந்தேன். கடிதத்தை வெட்டினேன். நடுவில் இருந்த ஒரு வாக்கியத்தை எடுத்து முதலில் வைத்தேன், அதுதான் நிறுத்தும் என்று தோன்றியதால். மகன், டியூஷன், எழுத்துப்பிழை, தயக்கம் எல்லாவற்றையும் நீக்கினேன். அவர் மூன்று வாக்கியத்தில் சுற்றி வந்து சொன்னதை ஒரு வாக்கியமாக்கினேன். ஒரு புல்லாங்குழல் இசையைத் தேர்ந்தெடுத்து, என் குரல் உடைகிற இடத்தில் அது உயரும்படி வைத்தேன். கேள்வியை வெட்டிவிட்டேன், நேரம் போதாது என்று. அவர் என்னிடம் கேட்டது அந்தக் கேள்வி ஒன்றைத்தான். மற்றதெல்லாம் அதைக் கேட்பதற்காகச் சொன்னது. அதற்கு நான் பதில் எழுதவே இல்லை.

காணொளி ஓடியது. அதுவரை நான் போட்ட எதுவும் அப்படி ஓடியதில்லை. வாட்ஸப் ஸ்டேட்டஸ்களில் வந்தது. முகம் தெரியாத பலர் தரவிறக்கித் தங்கள் பக்கங்களில் போட்டார்கள். இத்தனை ஆண்டு எழுதியதற்கு இப்போதுதான் கைமாறு கிடைத்தது என்று வீட்டில் சொன்னேன்.

அப்புறம் அவரிடமிருந்து செய்தி வந்தது. “அது நான் உங்களுக்கு எழுதுனது அண்ணா.”

கோபமாக ஒரு சொல் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து, தன் அக்கா அதை யாரோ அனுப்பிப் பார்த்துவிட்டதாகவும், வீட்டில் எல்லாரும் கேட்பதாகவும் இன்னொரு செய்தி.

நான் உடனே எழுதிய பதில்: உங்கள் பெயரை எங்கும் சொல்லவில்லையே அம்மா, எத்தனை பேருக்கு ஆறுதலாக இருக்கிறது பாருங்கள். இப்படி எழுதினேன். இதைவிடக் கேவலமான ஒன்றை நான் எழுதியதில்லை. அதோடு, காணொளியை அப்போதே நீக்கவும் இல்லை. எண்ணிக்கை ஏறிக்கொண்டிருந்தது. இன்னும் கொஞ்சம் ஏறட்டும், பிறகு எடுத்துவிடலாம் என்று மறுநாள் மாலை வரை வைத்திருந்தேன். அந்த ஒரு இரவும் பகலும்தான் அவர் வீட்டில் அதிகம் பேர் பார்த்திருக்க வேண்டும். நீக்கிய பிறகு மன்னிப்புக் கேட்டு எழுதினேன். அது போய்ச் சேரவில்லை. அவர் என்னைத் தடுத்துவிட்டிருந்தார். எல்லா இடங்களிலும்.

எனக்கு நானே சொல்லிக்கொண்ட சமாதானங்களையும் சொல்லிவிடுகிறேன். கடிதங்கள் வெளிவருவது தமிழுக்குப் புதிதா என்று நினைத்தேன். புதுமைப்பித்தன் மனைவிக்கு எழுதிய கடிதங்கள் ‘கண்மணி கமலாவுக்கு’ என்று அச்சில் இருக்கின்றன, நாம் எல்லோரும் படித்திருக்கிறோம். ஆனால் அந்தப் புத்தகத்தில் நாம் பார்ப்பது எழுத்தாளரின் வறுமையை, எழுத்தாளரின் ஏக்கத்தை. வண்ணதாசன் தொகுப்பில் இருப்பது வண்ணதாசனின் மனம். என் காணொளியில் கிடந்தது வாசகரின் வாழ்க்கை. என் முகத்தில் படிந்த வெளிச்சத்துக்காக அதைச் செலவு செய்தேன். சட்டப்படி பார்த்தாலும் 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின்கீழ் ஒரு கடிதத்தின் உரிமை அதை எழுதியவருக்கே உரியது, பெற்றவருக்கு அந்தத் தாள் மட்டும்தான் சொந்தம். பதிப்பாளரோடு ஒப்பந்தம் போடும்போது என் உரிமையை வரி வரியாகப் படித்துக் கையெழுத்திடுகிறவன் நான். எழுதுகிறவருக்கு உரிமை உண்டு என்பது எனக்குத் தெரியாத விஷயமில்லை. அவரை நான் எழுதுகிறவராக நினைக்கவில்லை, அதுதான் உண்மை. எனக்குக் கிடைத்த பொருளாக நினைத்தேன்.

ஒரு எழுத்தாளனின் முகம் தெரியாமல், வெறும் வரிகளை நம்பி ஒருவர் தன்னைத் திறந்து எழுதுகிறார் என்றால், அவர் தன் எதிரில் வைத்திருப்பது கதையைப் படிக்கும்போது கேட்ட அந்தக் குரலை. அது அவருக்குள் இருந்த குரல், பாதி அவருடையது. அதை நம்பித்தான் வீட்டில் சொல்லாததைச் சொன்னார். நான் அந்தக் குரலை எடுத்து, என் தொண்டையால் மூடி, எல்லோருக்கும் ஒலிபரப்பினேன். எழுத்தும் படமும் வாசகரோடு சேரும் விதத்தில் என்ன வேறுபாடு என்று என்னைக் கூட்டங்களில் கேட்டிருக்கிறார்கள், நானும் ஏதேதோ சொல்லியிருக்கிறேன். எனக்குத் தெரிந்த வேறுபாடு இதுதான். கடிதம் வந்தால் நான் ஒருவருக்குக் கடன்பட்டவன். கேமரா முன் உட்கார்ந்ததும் அந்தக் கடனை மறந்தேன், எதிரில் ஒரு கூட்டம் இருப்பதாக நினைத்துக்கொண்டேன்.

இப்போதும் கதைகளைப் படித்துக் காணொளி போடுகிறேன். என் கதைகளை, அனுமதி பெற்ற பிறருடைய கதைகளை. வாசகர் கடிதம் எதையும் தொடுவதில்லை. பழைய இன்பாக்ஸைத் திறந்து, வெறும் இதயம் மட்டும் போட்டுவிட்டு வந்த கடிதங்களை வரிசையாகப் படித்துப் பதில் எழுதிக்கொண்டிருக்கிறேன். சிலருக்கு எழுதும்போது கடிதம் வந்து ஐந்து ஆண்டு ஆகியிருக்கிறது. “நீங்க படிக்கலன்னு அப்பவே தெரியும் சார், பரவால்ல” என்று ஒருவர் எழுதினார். பெரும்பாலோர் பதில் எழுதுவதில்லை. அவர்கள் எழுத வேண்டும் என்று எதிர்பார்க்கவும் எனக்குத் தகுதியில்லை. அந்த வாசகியின் குடும்பத்தில் அதற்குப் பிறகு என்ன ஆனது என்பது எனக்குத் தெரியாது. வேறொருவர் மூலம் விசாரிக்க நினைத்து, அதுவும் அவர் வாசலுக்குள் இன்னொருமுறை நுழைவதுதான் என்று விட்டுவிட்டேன்.

நான் நீக்கியது என் பக்கத்தில் இருந்ததை மட்டும். தரவிறக்கியவர்கள் கையில் அந்தக் காணொளி இன்னும் இருக்கிறது. சில மாதங்களுக்கு முன்பும் ஒரு பக்கத்தில் பார்த்தேன், எழுதிக் கேட்டு நீக்க வைத்தேன். வேறு எங்கெல்லாம் இருக்கிறதோ. புல்லாங்குழல் பின்னணியில் நான் ஒரு கடிதம் படிப்பது உங்களுக்கு யாராவது அனுப்பினால், தயவுசெய்து பார்க்காதீர்கள், யாருக்கும் அனுப்பாதீர்கள். உங்கள் கைபேசியில் ஏற்கெனவே இருந்தால் இன்றே அழித்துவிடுங்கள்.